கண்மாய்ப் படகில் 12 வோல்ட் பேட்டரி, மோட்டார், விளக்கு: எதற்குப் பயப்பட வேண்டும்?

கண்மாய்க்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் எங்கள் மச்சான் ஒரு கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். இரை போடவும் ராத்திரிக் காவலுக்கும் படகு வேண்டும் என்று மண்டபத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாயிற்று. 14 அடி இருக்கும். எஞ்சின் கிடையாது. பின்பக்கம் மாட்டுகிற 12 வோல்ட் மோட்டார் வாங்கியிருக்கிறோம், முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும் என்று அதன் மேலேயே போட்டிருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய 150 ஏஎச் (ஆம்பியர் மணி) ட்யூபுலர் பேட்டரி ஒன்று, புதிதாக அதே அளவில் இன்னொன்று, இரண்டையும் பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டு முன்பலகைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாம் என்பது திட்டம். நாலு எல்இடி விளக்கு, உள்ளே சேரும் தண்ணீரை இறைக்க ஒரு சின்னப் பம்ப். சார்ஜ் போடுவதற்குக் கரையில் இருக்கும் மோட்டார் ரூமிலிருந்து வயரை இழுத்து, சார்ஜரைப் படகுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்கிறார்.

வீட்டு வயரிங் வேலை எனக்குத் தெரியும். படகில் இதுதான் முதல் தடவை. "12 வோல்ட்தானே, ஷாக்கே அடிக்காது, அப்புறம் என்ன" என்பது மச்சானின் வாதம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லவும் தெரியவில்லை. வீட்டு வேலையில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் ஒரு காயில் கிடக்கிறது, கரண்ட் மிஞ்சினால் தானாக விழுகிற 32 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் இருக்கிறது. இதை வைத்தே முடித்துவிடலாமா?

டிராக்டர் பட்டறை:
1645-இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் இன்றைக்கும் தெப்பத்தை வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். கண்மாய்க்கு எதற்கு மோட்டார், துடுப்புப் போடச் சொல்லுங்கள் மச்சானை.

சும்மா சொன்னேன். போடுங்கள், ஒன்றும் ஆகாது. 12 வோல்ட்டில் யாரும் செத்ததில்லை.

விளாங்குடி வயரிங்:
மேலே சொன்னது பாதி உண்மை. காய்ந்த கையால் 12 வோல்ட் டெர்மினல் இரண்டையும் பிடித்தால் ஒன்றும் தெரியாது, ஈரக் கையாக இருந்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. தோலின் தடையைத் தாண்டி உடம்புக்குள் ஆளைக் கொல்கிற அளவு கரண்டைத் தள்ள 12 வோல்ட்டுக்குத் தெம்பு கிடையாது. ஆனால் அந்தத் தடை தோலுக்குத்தான் இருக்கிறது, ஸ்பேனருக்குக் கிடையாது.

உங்கள் 150 ஏஎச் பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம்தான். 5 மில்லி ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 12.6 வோல்ட்டை அதால் வகுத்தால் 2500 ஆம்பியருக்கு மேல் வருகிறது. பட்டறையில் வெல்டிங் அடிப்பது 100, 150 ஆம்பியரில். இரண்டு பேட்டரியைப் பேரலலில் போட்டால் இந்த 2500-உம் இரண்டு மடங்கு. பிளஸ் நட்டை முடுக்கும்போது ஸ்பேனரின் மறுமுனை மைனஸில் பட்டால் ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், சிவந்துபோகும், உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். விரலில் மோதிரமோ மணிக்கட்டில் காப்போ இருந்து, அது டெர்மினலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் மாட்டினால், பழுத்த இரும்பு வளையம் விரலைச் சுற்றி இருப்பதுதான். கழற்றவும் முடியாது.

அதனால் படகில் கை வைக்கும் முன்னால் மோதிரம், காப்பு, வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் கரையில். சட்டை போடாமல் குனிந்து வேலை பார்க்கிற ஆள் என்றால் வெள்ளி அரைஞாணும்தான், சிரிக்காதீர்கள். ஸ்பேனரில் நட்டைப் பிடிக்கும் வாயை மட்டும் விட்டுவிட்டு மீதி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், இரண்டு மூன்று சுற்று. வேலை செய்யாத டெர்மினல் மேல் ரப்பர் மூடியோ, பழைய சைக்கிள் ட்யூப் துண்டோ போட்டு மூடி வையுங்கள்.

2.5 ஸ்கொயர், எம்சிபி இரண்டுமே வேண்டாம். காரணத்தை ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஈயத்தட்டு:
பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன், எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த மூடிய பெட்டிதான். தயவுசெய்து அதை மாற்றுங்கள்.

ட்யூபுலர் பேட்டரி சார்ஜ் நிறைகிற நேரத்தில், 14.4 வோல்ட் வாக்கில், உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவர ஆரம்பிக்கும். நிறமில்லை, வாசமில்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், 75 சதவீதம் வரைக்கும் பற்றும். கணக்குப் போட்டே காட்டுகிறேன். பேட்டரி நிறைந்த பிறகும் ஓடுகிற ஒவ்வொரு ஆம்பியர் மணிக்கும் ஒரு செல்லிலிருந்து ஏறக்குறைய 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வரும். 12 வோல்ட் என்றால் 6 செல். 10 ஆம்பியர் சார்ஜரை ஒரு மணி நேரம் கூடுதலாக விட்டுவிட்டால் 25 லிட்டர். படகின் முன்பலகைப் பெட்டி ஒரு மீட்டருக்கு 80 சென்டிமீட்டர், உயரம் 60 என்றால் 480 லிட்டர் கொள்ளும், அதிலும் பாதியைப் பேட்டரியும் கயிறும் அடைத்திருக்கும். ஒரு மணி நேரத்திலேயே 4 சதவீதத்தைத் தாண்டியாயிற்று. நீங்கள் ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில் பலகையைத் தூக்கி, டார்ச்சை அடித்து, சார்ஜர் கிளிப்பைப் பிடுங்குவீர்கள். கிளிப்பைப் பிடுங்கும்போது வருகிற பொறி போதாதா?

வாடிக்கையாளர் ஒருவருக்கு நடந்தது இதுதான். கார் பேட்டரி, மூடிய ஷெட், சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளிப்பை எடுத்திருக்கிறார். பேட்டரியின் மேல்மூடி தெறித்து ஆசிட் நெஞ்சிலும் கழுத்திலும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பித்தது, அதுவும் பார்வைக் கண்ணாடி, பாதுகாப்புக்கு என்று போட்டதில்லை.

சார்ஜரை முதலில் சுவிட்சில் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரம் காற்றோட விட வேண்டும். அப்புறம்தான் கிளிப். மாட்டும்போது கிளிப் முதலில், சுவிட்ச் கடைசியில். பெட்டிக்கு மேல்பக்கம் ஓட்டை வேண்டும், ஹைட்ரஜன் மேலே ஏறுகிற வாயு என்பதால் கீழே மட்டும் ஓட்டை போட்டுப் பயனில்லை. கீழே ஒன்று, மேலே எதிர்ப்பக்கம் ஒன்று இருந்தால் காற்று தானாக ஓடும். சார்ஜ் போடும்போது பலகையைத் திறந்தே வையுங்கள். பீடியை எங்கே பற்றவைப்பது என்று மச்சானுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. பழைய பேட்டரியையும் புதியதையும் பேரலலில் சேர்க்காதீர்கள். பழையது புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஒன்று நிறைந்தும் ஒன்று காலியாகவும் இருக்கும்போது இணைத்தால், இணைக்கிற அந்த நொடியிலேயே பெரிய கரண்ட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும், அந்தப் பொறி உங்கள் கைக்குக் கீழேதான் வெடிக்கும். ஒரே வயது, ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரண்டையும் தனித்தனியாகச் சார்ஜ் செய்து மீட்டரில் வோல்ட் ஒன்றாக வந்த பிறகுதான் சேர்க்கலாம்.

டிராக்டர் பட்டறை:
எங்கள் பட்டறையில் ஸ்டார்ட்டரையே திருப்புளி வைத்து ஷார்ட் பண்ணித்தான் கிளப்புகிறோம். எத்தனையோ வருடமாக. நீங்கள் எல்லாம் சேர்ந்து அவரைப் பயமுறுத்தி, கடைசியில் அவர் துடுப்புதான் வாங்கப் போகிறார்.

விளாங்குடி வயரிங்:
அண்ணே, நீங்கள் ஷார்ட் பண்ணுவது திறந்த வெளியில், காற்றோட்டத்தில், பேட்டரியிலிருந்து நாலடி தள்ளி. தப்பானால் கீழே குதித்து ஓடலாம். படகில் வயர் பற்றிக்கொண்டால் எங்கே ஓடுவார்? ஃபைபர் என்பது ரெசின், எரிய ஆரம்பித்தால் நிற்காது, கரும்புகை வேறு. நடுக்கண்மாயில், ராத்திரியில், வேட்டியோடு. நீச்சல் தெரிந்த ஆளே என்றாலும் கரண்டைக்கால் பாசியில் சிக்கும்.

வீட்டில் ஷார்ட் ஆனால் மீட்டர் போர்டில் ஏதாவது ஒன்று விழும். பேட்டரிக்கு அப்படி யாரும் கிடையாது, நீங்கள் ஃப்யூஸ் போட்டால் உண்டு, போடாவிட்டால் வயர்தான் ஃப்யூஸ்.

பாம்பன் பக்கத்து ஆள்:
உங்கள் படகு எங்கள் பக்கம் ஓடியதுதான் என்பதால் சொல்கிறேன். அதில் பழைய வயர் ஏதாவது மிச்சம் இருந்தால் எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிடுங்கள். கடல் உப்பு வயரின் தோலுக்கு உள்ளேயே ஏறியிருக்கும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், தோலை உரித்துப் பாருங்கள், காப்பர் கறுத்தோ பச்சை பூத்தோ கிடக்கும். இணைப்பு ஒவ்வொன்றிலும் தடை கூடி, அந்த இடம் மட்டும் சூடாகும். படகில் தீப்பிடித்தது என்றால் நாங்கள் முதலில் பார்ப்பது ஜாயிண்டைத்தான்.

வீட்டு வயரில் கம்பி தடிமனாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். படகு ஆடிக்கொண்டே இருக்கும், மோட்டார் அதிரும், அந்தக் கம்பி லக்கின் (வயர் முனையில் போல்ட்டில் மாட்டப் போடுகிற உலோக வளையம்) கழுத்திலேயே ஒவ்வொன்றாக முறியும். மெல்லிய கம்பி நிறைய உள்ள வயர் வேண்டும். வெள்ளீயம் பூசிய காப்பர் கிடைத்தால் ரொம்ப நல்லது, கடலுக்கு நாங்கள் அதைத்தான் தேடுவோம். உங்களுக்கு நல்ல தண்ணீர், அதனால் வெல்டிங் கேபிள் போதும், மதுரையில் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். முனையை மட்டும் லக் போட்டு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடிவிடுங்கள்.

முறுக்கி டேப் சுற்றுகிற வேலை படகில் வேண்டவே வேண்டாம். வெயிலில் டேப்பின் பசை உருகி ஒரு கோடை தாண்டாது.

கண்மாய்க்கரை:
படிக்கப் படிக்க மச்சானுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பீடி விஷயத்தில் கோபம்.

எம்சிபி ஏன் கூடாது என்று விளாங்குடி அண்ணன் சொல்லவில்லையே. 32 ஆம்பியர், 240 வோல்ட்டுக்கே தாங்குகிறது, 12 வோல்ட்டுக்குத் தாங்காதா?

விளாங்குடி வயரிங்:
இதில்தான் வீட்டு வயரிங் தெரிந்த எல்லாரும் சறுக்குவார்கள். வீட்டுக்கு வருகிற ஏசி கரண்ட் நொடிக்கு 50 தடவை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. எம்சிபி உள்ளே காண்டாக்ட் பிரியும்போது வருகிற நெருப்பு வில் அந்தப் பூஜ்யத்தில் தானாகவே அணையும். பேட்டரியிலிருந்து வருகிற டிசியில் பூஜ்யமே கிடையாது. வில் விடாமல் எரியும். 12 வோல்ட்டில் சாதாரண ஓவர்லோடை ஏசி எம்சிபி அறுத்துவிடலாம், ஆனால் முழு ஷார்ட்டில் 5000 ஆம்பியர் டிசி வந்தால் அறுக்கும் என்று நம்ப முடியாது, அதற்கென்று செய்ததில்லை. 48 வோல்ட் செட்டு என்றால் இன்னும் மோசம். டிசிக்கு என்று எழுதிய பிரேக்கர் தனியாக வருகிறது, சோலார் சாமான் விற்கிற இடத்தில் கேளுங்கள். அதிலும் சிலவற்றில் பிளஸ் மைனஸ் பக்கம் குறித்திருப்பார்கள், மாற்றி மாட்டினால் வில்லை அணைக்க வேண்டிய காந்தம் எதிர்ப்பக்கம் தள்ளும். உங்கள் 50 ஆம்பியர் மோட்டாருக்கு நான் ஃப்யூஸைத்தான் சொல்வேன். கார் ஆடியோ கடையில் ஏஎன்எல் என்று கேட்டால் கொடுப்பார்கள், போல்ட் போட்டு மாட்டுகிற பட்டை ஃப்யூஸ்.

இப்போது வயர். காப்பர் ஒரு மீட்டருக்கு ஒரு ஸ்கொயர் எம்எம்முக்கு 0.0172 ஓம். பேட்டரி முன்னால், மோட்டார் பின்னால், நடுவில் எவ்வளவு தூரம் என்று நீங்கள் சொல்லவில்லை, பேட்டரியை நடுப்பக்கம் நகர்த்தி இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். போக வர 5 மீட்டர். உங்கள் 2.5 ஸ்கொயரில் 50 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.7 வோல்ட் போய்விடும், 86 வாட் வெறும் சூடாக வயரிலேயே நிற்கும். பலகைக்கு அடியில் சுருட்டி வைத்த வயரில் 86 வாட். 10 ஸ்கொயர் போட்டால் 0.43 வோல்ட், ஓட்டலாம், ஆனால் நானாக இருந்தால் 25 ஸ்கொயர் போடுவேன், 0.17 வோல்ட்தான் இழப்பு, கை வைத்தால் சூடே தெரியாது. பேட்டரியை முன்னாலேயே வைத்தால் தூரம் கூடும், அப்போது 25-க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

ஃப்யூஸ் எங்கே என்பது எத்தனை ஆம்பியர் என்பதை விட முக்கியம். பேட்டரி பிளஸிலிருந்து 7 அங்குலத்துக்குள் என்பது அமெரிக்கப் படகு வயரிங் விதி. ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற வயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதுதான் காரணம், அந்தத் துண்டு எங்காவது உரசித் தோல் போனால் எதுவும் அதை நிறுத்தாது. இரண்டு பேட்டரி என்றால் இரண்டு பிளஸிலும் தனித்தனி ஃப்யூஸ். மோட்டாருக்கு 60 ஆம்பியர், விளக்குக்கு 1.5 ஸ்கொயர் வயரோடு 5 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ். பம்புக்குத் தனி ஃப்யூஸ், அதை மெயின் சுவிட்சுக்கு முன்னால் இருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு மழை பெய்தால் படகு மூழ்கியிருக்கும். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற, விளக்கைக் காப்பாற்ற இல்லை. அதனால் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதைப் போட்டுவிடாதீர்கள். கம்பி சுற்றுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை, மதுரையில் பாதி வீட்டு ஃப்யூஸ் கேரியரில் அதுதான் இருக்கிறது.

மூணு ஃபேஸ்:
ஈபியில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் பேட்டரியையே பேசுகிறீர்கள். அவர் முதல் பதிவில் சார்ஜரைப் பற்றி எழுதிய வரிதான் ஆளைக் கொல்லும். மோட்டார் ரூமிலிருந்து வயரை இழுத்துப் படகுக்குள் சார்ஜர். 230 வோல்ட், தண்ணீருக்கு மேல், ஈரமான படகில்.

வயரில் ஓரிடத்தில் தோல் போய் அது தண்ணீரைத் தொட்டால், ஃபேஸிலிருந்து கரண்ட் தண்ணீர் வழியாகத் தரைக்குப் போகும். ஃப்யூஸ் போகாது, எம்சிபி விழாது, ஏனென்றால் சில ஆம்பியர்கூட ஓடாது. ஆனால் அந்தத் தண்ணீரில் ஒருவன் இறங்கினால் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போதும், தசை இறுகி நீந்த முடியாமல் போகும். கத்தக்கூட மாட்டான். கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு முங்கிப் போய்விட்டான் என்றுதான் தோன்றும். காப்பாற்றக் குதித்தவனும் போவான். உடம்பில் காயம் எதுவும் இருக்காது, நீச்சல் தெரியாமல் செத்தான் என்று பேச்சு முடிந்துவிடும்.

மோட்டார் ரூமில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, நீங்கள் ஈஎல்சிபி என்று சொல்வது, கரண்ட் கசிந்தால் உடனே விழுகிற சுவிட்ச், இல்லாமல் ஒரு வயரும் கண்மாயை நோக்கிப் போகக் கூடாது. போட்டால் மட்டும் போதாது, அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த் கம்பி உண்மையிலேயே எர்த் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், நான் பார்த்த மோட்டார் ரூம்களில் எர்த் வயர் சுவரோடு முடிந்துவிடும். அது விவசாய இலவச இணைப்பு என்றால் அதிலிருந்து மீன் படகுக்குச் சார்ஜ் போடுவது தனிப் பஞ்சாயத்து, அதையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் பட்டறை:
சார், கடலில்தானே உப்பு, கரண்ட் நன்றாகப் பாயும்? கண்மாய் நல்ல தண்ணீர், அவ்வளவு பாயாதே. பாம்பன்காரர் பயப்பட வேண்டியதை மேலூர்க்காரர் தலையில் கட்டுகிறீர்கள்.

மூணு ஃபேஸ்:
தலைகீழ். கடல் தண்ணீர் மனித உடம்பை விட நன்றாகக் கடத்தும், அதனால் கரண்ட் ஆளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நல்ல தண்ணீர் உடம்பை விட மோசமாகக் கடத்தும், உடம்புக்குள்ளேயும் உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது, கரண்டுக்கு நீங்கள்தான் சுலபமான வழி. குளம், கண்மாய், ஆறு, அணை எல்லாமே இந்த விஷயத்தில் கடலை விட ஆபத்து.

டிராக்டர் பட்டறை:
இது எனக்குத் தெரியாது. ஆனால் ஈஎல்சிபி போட்டால் மழைக்காலத்தில் சும்மா சும்மா விழும், அதனால்தான் எல்லாரும் பைபாஸ் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

மூணு ஃபேஸ்:
சும்மா விழாது. எங்கேயோ கசிகிறது, அதனால் விழுகிறது. கசிவைத் தேடுங்கள்.

ஈயத்தட்டு:
சார் சொன்னதற்கு எளிதான வழி உண்டு. 230 வோல்ட்டைப் படகுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். சார்ஜரை மோட்டார் ரூமிலேயே உயரமாக மாட்டிவிட்டு, அங்கிருந்து 12 வோல்ட் டிசி கேபிளை மட்டும் படகுக்கு இழுங்கள். 20 மீட்டர் என்றால் போக வர 40, 6 ஸ்கொயர் கேபிளில் 10 ஆம்பியருக்கு 1.15 வோல்ட் குறையும். ஆரம்பத்தில் சார்ஜ் மெதுவாக ஏறும், நிறைய நிறைய ஆம்பியர் குறைவதால் இழப்பும் தானாகக் குறையும். அந்தக் கேபிளுக்கு இரண்டு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும், ஏனென்றால் படகு முனையில் பேட்டரியும் ஒரு சப்ளைதான். சார்ஜர் உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்ததாக இருக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயினோடு நேரடியாக இணைந்திருக்கும் மலிவுச் சார்ஜரில் உங்கள் 12 வோல்ட் கிளிப்பிலும் 230 இருக்கும்.

கூரைமேல் சோலார்:
சோலார் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? கரையில் கம்பம் நட்டு 400 வாட் பேனல், ஒரு கன்ட்ரோலர். மதுரை வெயிலுக்கு நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாமல் வரும். காவலுக்கு ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டினால் அதில் பாதிகூடத் தேவைப்படாது. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

ஒரு ஸ்டாஃப் நர்ஸ்:
அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பேட்டரியால் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணில் ஆசிட் பட்டால் அந்த இடத்திலேயே கழுவ ஆரம்பிக்க வேண்டும், வண்டி பிடித்து வந்து அல்ல. இமையை விரலால் பிரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம், விடாமல். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அது இல்லையென்றால் கையில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அது, கண்மாய்த் தண்ணீரா என்று யோசித்து நிற்க வேண்டாம். சமையல் சோடா தரையிலும் பேட்டரி மேலும் கொட்டிய ஆசிடுக்கு நல்லது, கண்ணில் போடக் கூடாது. மஞ்சள், பேஸ்ட், மை எதுவும் தீக்காயத்தில் வேண்டாம், ஓடுகிற தண்ணீர் மட்டும். மோதிரத்தால் சுட்டால் வீங்குவதற்குள் கழற்றப் பாருங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் தண்ணீரைக் காட்டிக்கொண்டே வாருங்கள்.

ஷாக் அடித்துத் தண்ணீரில் கிடப்பவரை யாரும் குதித்துத் தூக்காதீர்கள். முதலில் மெயினை அணைக்க ஓர் ஆள் ஓட வேண்டும். கயிறோ காய்ந்த மூங்கிலோ கரையில் எப்போதும் கிடக்கட்டும். வெளியே எடுத்ததும் மூச்சு இல்லையென்றால் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள், தெரிந்தவர் இருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும்.

கண்மாய்க்கரை:
அக்கா, நன்றி. கேனும் மூங்கிலும் எழுதி வைத்துக்கொண்டேன்.

எல்லாரும் சொன்னதில் ஒரு சந்தேகம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில் என்று வண்டிகளுக்குச் சொல்வார்களே, ஃபைபர் படகில் பாடியே கரண்ட் கடத்தாது, அங்கே அந்த வரிசைக்கு என்ன அர்த்தம்?

பாம்பன் பக்கத்து ஆள்:
உங்கள் படகில் பெரிதாக அர்த்தம் இல்லை, உண்மை. எங்கள் விசைப்படகில் எஞ்சின் முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கும், பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் எஞ்சினில் பட்டால் அப்படியே ஷார்ட். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் எஞ்சினில் பட்டாலும் ஒன்றும் இல்லை.

விளாங்குடி வயரிங்:
அர்த்தம் இல்லாவிட்டாலும் அதே வரிசையில் செய்யுங்கள். நாளைக்கே மச்சான் டிராக்டர் பேட்டரியில் கை வைப்பார். அதை விட முக்கியம், கழற்றும் முன்னால் மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் அணைப்பது. சுமை ஓடும்போது டெர்மினலைக் கழற்றினால் பொறி உறுதி, அதுவும் பேட்டரி வாய்க்கு நேர் மேலே.

கூரைமேல் சோலார்:
லித்தியம் யாரும் சொல்லவில்லையே? 100 ஏஎச் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் 12 கிலோ வாக்கில்தான் இருக்கும். ட்யூபுலர் ஒன்று 50 கிலோவுக்கு மேல், அதுவும் உள்ளே தளும்புகிற ஆசிடோடு. படகு சாய்ந்தால்?

ஈயத்தட்டு:
நான் ஈயம் விற்கிறவன், இருந்தாலும் இதில் அவர் சொல்வது சரி. வீட்டு ட்யூபுலர் அசையாமல் நிற்கச் செய்தது, ஆடுகிற படகுக்குச் செய்யவில்லை. மூடி வழியாக ஆசிட் கசியும். கட்டாயம் அதைத்தான் போடுவேன் என்றால் பிளாஸ்டிக் தட்டுக்குள் வைத்து, பட்டை போட்டு இறுக்கி, கையால் ஆட்டினால் அசையாத மாதிரி கட்டுங்கள்.

லித்தியத்தின் நல்ல விஷயம், தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து சார்ஜ் போடலாம், மூணு ஃபேஸ் சார் சொன்ன ஆபத்து அப்படியே இல்லாமல் போகிறது. சாதாரணமாக ஹைட்ரஜனும் விடாது. ஆனால் உள்தடை இன்னும் குறைவு, ஷார்ட் ஆனால் ஈயத்தை விட வேகமாக அடிக்கும், உள்ளேயே பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கிற சர்க்யூட்) இருக்கிறது என்று ஃப்யூஸை விட்டுவிடக் கூடாது. பழைய ட்யூபுலர் சார்ஜரை அதில் மாட்டாதீர்கள். பழைய ஈ-ஆட்டோவிலிருந்து பிரித்த செல்லை யாரோ கட்டிக் கொடுத்தது என்று மலிவாக வரும், வாங்காதீர்கள். தண்ணீரில் மூழ்கி எழுந்த லித்தியம் பேட்டரியைக் காயவைத்து மறுபடி சார்ஜில் போடுவது அதை விடப் பெரிய தப்பு.

கண்மாய்க்கரை:
மச்சானோடு பேசி முடித்துவிட்டோம். ட்யூபுலர் இரண்டும் வீட்டுக்கே திரும்பிப் போகிறது. 100 ஏஎச் லித்தியம் ஒன்று, நடுப்பலகைக்கு அடியில், பட்டை போட்டு. 25 ஸ்கொயர் வெல்டிங் கேபிள், 60 ஆம்பியர் ஏஎன்எல் ஃப்யூஸ் பேட்டரி ஓரத்திலேயே. பேட்டரியின் பிஎம்எஸ் 100 ஆம்பியர் வரை விடும் என்று போட்டிருக்கிறது, மோட்டாருக்கு அது போதும்தானே? சார்ஜ் வீட்டில்தான், மோட்டார் ரூம் பக்கமே போகவில்லை. ஒரே பிரச்சினை, 25 ஸ்கொயருக்கு லக் அழுத்துகிற டூல் என்னிடம் இல்லை. சுத்தியலால் தட்டினால் பிடிக்காதா?

பாம்பன் பக்கத்து ஆள்:
100 ஆம்பியர் தாராளம். சுத்தியல் வேண்டாம், பார்க்க இறுகின மாதிரி இருக்கும், உள்ளே பாதிக் கம்பி தொடாமல் நிற்கும், 50 ஆம்பியரில் அந்த லக்தான் முதலில் சூடாகும்.

விளாங்குடி வயரிங்:
கேபிள் வாங்குகிற கடையிலேயே கேளுங்கள், பெரிய கடைகளில் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்திருப்பார்கள், லக் அங்கேயே வாங்கினால் அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு கயிற்றைப் படகில் கேபிள் போகிற வழியிலேயே வளைத்து ஓட்டி நீளம் அளந்து, இரண்டு முனைக்கும் ஒரு சாண் கூடுதலாக வைத்து வெட்டச் சொல்லுங்கள். போல்ட் ஓட்டை அளவையும் பேட்டரி, ஃப்யூஸ் ஹோல்டர் இரண்டிலும் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், எம்8 லக்கை வாங்கி வந்து எம்6 போல்ட்டில் வாஷர் வைத்துச் சமாளிக்கிற வேலை வேண்டாம். லக் மாட்டிய பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்னால்.